சிவிலைசேஷன் 6 கணினி விளையாட்டில் படைகளைச் சேர்த்து கோர் (இரண்டு இணைந்தது), ஆர்மி (மூன்று இணைந்தது) ஆக்குவது லாபமா, தனித்தனியாக வைத்திருப்பது லாபமா?

நேருக்கு நேர் மோதும் மெலீ படை என்றால் சேருங்கள். தூரத்திலிருந்து சுடும் படையைப் பெரும்பாலும் சேர்க்காதீர்கள். சேர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டால் இரண்டோடு நிறுத்தாமல் மூன்றாவதையும் சேர்த்து ஆர்மி ஆக்கிவிடுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். சம பலமுள்ள இரண்டு படைகள் மோதினால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 30 புள்ளி அடி விழும். அதிர்ஷ்டத்தைப் பொறுத்து 24 முதல் 36 வரை. ஒரு படையின் முழு உயிர் 100. கோர் ஆக்கினால் பலம் 10 கூடும், ஆர்மி ஆக்கினால் மொத்தம் 17. ஒரு முழுப் படையைக் கொடுத்து வெறும் பத்தா என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்து, கொடுக்கும் அடியை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகிறது, வாங்கும் அடியை மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கிறது. 30-க்கு 30 என்றிருந்தது 45 கொடுத்து 20 வாங்குவதாக மாறும். ஆர்மி என்றால் 59 கொடுத்து 15.

இரண்டு மஸ்கட் படைகள் தனித்தனியாக அடித்தால் ஒரு சுற்றில் 60. கோர் அடிப்பது 45தான், அந்த வகையில் நட்டம். ஆனால் அது ஒன்றரை மடங்கு நேரம் தாக்குப்பிடிக்கும். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால். ஆக இரண்டைக் கொடுத்து இரண்டேகால் வாங்குகிறீர்கள், சொல்லிக்கொள்ளும் லாபமில்லை. ஆர்மியில் அடியும் ஆயுளும் கிட்டத்தட்ட இரு மடங்கு. மூன்றைக் கொடுத்து நான்கு. உண்மையான லாபம் மூன்றாவது படையில்தான் இருக்கிறது.

ஃபீல்டு கேனன் போன்றவற்றுக்கு இதே கணக்கு தலைகீழ். சுடும்போது அவை திருப்பி அடி வாங்குவதில்லை, எனவே முன்வரிசை காத்து நிற்கும் வரை கூடுதல் ஆயுளால் பயனில்லை. தனித்தனியாக மூன்று சுட்டால் 90, சேர்த்துவிட்டால் 59. எதற்கு?

விதிவிலக்கு, இடம் இல்லாத களம். ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படைதான் நிற்கலாம் என்பது இந்த ஆட்டத்தின் விதி. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரே கட்ட அகலத்தில் வழி இருந்தால், பின்னால் நிற்கும் மெலீ படைகள் வேடிக்கைதான் பார்க்கும். அங்கே யோசிக்காமல் சேருங்கள். திறந்தவெளியில் நிலைமை வேறு: எதிரியைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு படைக்கும் பக்கத்தாக்குதல் போனஸ் 2 கிடைக்கும். சேர்த்தால் அதுவும் போய்விடும்.

சில நடைமுறை விஷயங்கள். இணையும் படைகள் ஒரே வகையாக இருக்க வேண்டும். புரமோஷன் அதிகம் உள்ள படையின் அனுபவமே நிற்கும், ஆகவே பழுத்த படையோடு புதுப் படையைச் சேருங்கள். இரண்டு பழுத்தவற்றைச் சேர்ப்பது வீண். ஒருமுறை சேர்த்தால் பிரிக்க முடியாது. கோர் நேஷனலிசம் என்ற சிவிக்கிலும் (ஆட்டத்தில் பண்பாட்டு வளர்ச்சியின் ஒரு படி) ஆர்மி மொபிலைசேஷன் என்ற சிவிக்கிலும் திறக்கும். மிலிட்டரி அகாடமி இருக்கும் நகரத்தில் இவற்றை நேரடியாகவே, 25 சதவீதம் குறைந்த செலவில் உருவாக்கலாம். அவசரப்படாதவர்கள் அதற்காகக் காத்திருக்கலாம்.

ஜூலு மன்னர் ஷாகாவாக ஆடினால் மேலே சொன்ன கோர் கணக்கை மறந்துவிடுங்கள். அவருக்கு அதற்கு முந்தைய மெர்சனரீஸ் சிவிக்கிலேயே கோர் கிடைத்துவிடும், கூடவே 5 பலம் தனியாக. மற்ற நாடுகளுக்கு அவ்வளவு சீக்கிரம் வேண்டுமென்றால் எல் சிட் என்ற கிரேட் ஜெனரலைப் பிடியுங்கள். துணைப் படையே இல்லாமல் ஒரு தரைப்படையைக் கோர் ஆக்கித் தருவார்.