சிங்க வண்டியில் ஒரு ரோமானியத் தாய்

வணக்கம் சார்,

மகளைப் பார்க்க நியூயார்க் போயிருந்தபோது மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலச் சிற்பம் பார்த்தேன். இரண்டு சிங்கங்கள் இழுக்கும் நாலு சக்கர வண்டி, அதில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் தெய்வம். பெயர் சிபெலே, ரோமானியச் சிற்பம் என்று போட்டிருந்தது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும், 'இது நம்ம துர்க்கைதான், ரோம் வரைக்கும் போயிருக்கா பாரு' என்று ஒரே கொண்டாட்டம். எனக்குச் சில சந்தேகங்கள். இது என்ன மாதிரியான சிற்பம், பூஜைக்குரிய விக்கிரகமா? துர்க்கைக்கும் இவளுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா? அப்புறம், சிங்கங்களின் வாயில் ஏன் குழாய் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது?

மீனா, கோயம்புத்தூர்

*

அன்புள்ள மீனா,

குழாயை முதலில் முடித்துவிடுவோம். சிற்பம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்டது. மறுமலர்ச்சிக் காலத்திலோ அதற்குப் பிறகோ அதை நீரூற்றாக மாற்றியிருக்கிறார்கள். தண்ணீர் கொட்டுவதற்காக அப்போது வைத்ததுதான் அந்தக் குழாய். 1897-இல் ஹென்றி மார்க்வாண்டின் நன்கொடையாக அருங்காட்சியகத்துக்கு வந்தது. பழைய வெண்கலங்களில் பெரும்பாலானவை உருக்கப்பட்டுப் போயின. இவள் தண்ணீர்த் தொட்டியோடு தப்பித்தாள்.

உங்கள் முதல் கேள்விதான் எனக்குப் பிடித்தது. படத்தைப் பெரிதாக்கி அவள் கைகளைப் பாருங்கள். ஒரு கையில் படையல் ஊற்றும் தட்டு, இன்னொரு கையில் சின்னக் கைப்பறை. கடிவாளம் இல்லை. அவள் வண்டி ஓட்டவில்லை. சிம்மாசனம், காலுக்கு மணை என்று கோயிலில் இருக்கும் கோலத்திலேயே வண்டியில் இருக்கிறாள். கோயில் திருமேனியை வண்டியில் ஏற்றி ஊர்வலம் விடுகிறார்கள், அந்த ஊர்வலத்தைச் சிற்பி வார்த்திருக்கிறார். சிலையின் சிலை என்று சொல்லலாம்.

அந்த ஊர்வலம் நிஜமானது. ஒவ்வொரு வருடமும் மார்ச் 27 அன்று ரோமில் தேவியை வண்டியில் வைத்து, நகருக்குத் தெற்கே ஓடும் அல்மோ என்ற சிற்றாற்றுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டுவார்கள். அவளோடு வண்டியையும் கழுவுவார்கள். கவிஞர் லுக்ரீஷியஸ் அவளுடைய ஊர்வலத்தை வர்ணிக்கும்போது பறையும் தாளமும் காதைப் பிளக்கின்றன, மக்கள் தெருவெல்லாம் காசையும் ரோஜா இதழ்களையும் இறைக்கிறார்கள். சரி, சிங்கங்கள்? நிஜ வண்டியில் பூட்டியது மாடுகளை. அவள் முதன்முதலாக ரோமுக்குள் நுழைந்ததைப் பாடும் ஓவிட், வண்டி மாடுகள்மேல் புதுப் பூக்களைத் தூவினார்கள் என்கிறார். சிற்பி வண்டியைத் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டார், சிங்கங்களைப் புராணத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

இன்னொன்று. ரோமுக்கு வந்த 'உண்மையான' சிபெலேக்குக் கை, கால், முகம் எதுவும் கிடையாது. அது ஒரு கறுப்புக் கல். கி.மு. 205-இல், ரோமின் எதிரியான கார்த்தேஜ் தளபதி ஹன்னிபல் இத்தாலிக்குள் புகுந்து பல ஆண்டுகளாக வெளியேறாமல் இருந்த நேரம். வானத்திலிருந்து கல்மழை பெய்ததாக ஊரெல்லாம் பீதி. சிபில் என்ற குறிசொல்லிப் பெண்ணின் பெயரில் ரோமில் வைத்திருந்த குறி ஏடுகளைப் புரட்டினார்கள். இடா மலைத் தாயை, அதாவது சிபெலேயை, ரோமுக்குக் கொண்டுவந்தால் அந்நியப் பகைவனைத் துரத்திவிடலாம் என்று வந்தது. பெர்கமம் அரசர் முதலாம் அத்தாலஸின் உதவியோடு, இன்றைய துருக்கிப் பகுதியிலிருந்து கி.மு. 204-இல் கல்லை வரவழைத்தார்கள். இடா மலை பழைய டிராய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, ரோமானியர்களும் தங்களை டிராய் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள். எனவே அந்நிய தெய்வத்தை வரவழைக்கிறோம் என்ற உறுத்தல் இல்லை, பாட்டி வீட்டுத் தெய்வத்தை அழைத்து வருகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது.

டைபர் ஆற்று முகத்துவாரத்தில் கப்பல் தரைதட்டி நின்றுவிட்டதாம். நடத்தை பற்றி ஊர் வாய்க்கு ஆளாகியிருந்த கிளாடியா குயின்டா என்ற பெண், தான் தூய்மையானவள் என்றால் தேவி தன் பின்னே வரட்டும் என்று கயிற்றைப் பிடித்து இழுத்தாள், கப்பல் நகர்ந்தது என்கிறது கதை. சீதையின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் கோபம்தான் வரும். போகட்டும். மறு ஆண்டே ஹன்னிபல் இத்தாலியை விட்டுப் போனான். பாலட்டைன் குன்றில் வெற்றித் தேவியின் கோயிலில் தற்காலிகமாக வைத்திருந்த கல்லுக்கு கி.மு. 191-இல் அதே குன்றில் தனிக்கோயில் திறந்தார்கள். பிற்காலத்தில் அந்தக் கல்லையே வெள்ளிச் சிலையில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பதித்திருந்தார்கள். அதை வண்டியில் ஏற்றிப் போகும்போது பிரபுக்கள் செருப்பில்லாமல் முன்னே நடப்பதைக் கிறிஸ்தவக் கவிஞர் புருடென்ஷியஸ் கிண்டலடித்திருக்கிறார்.

கல் வந்தபோது கூடவே பூசாரிகளும் வந்தார்கள். இங்கேதான் ரோம் திகைத்தது. கல்லி எனப்படும் அந்தப் பூசாரிகள் தங்களைத் தாங்களே ஆண்மை நீக்கிக்கொண்டவர்கள், வண்ண உடையும் நீண்ட கூந்தலுமாகக் குழல், பறை முழங்கத் தெருவில் காணிக்கை கேட்டுப் போகிறவர்கள். தெய்வம் வேண்டும், பக்தி செய்யும் விதம் வேண்டாம் என்று முடிவு செய்தது அரசு. ரோமில் பிறந்த எவரும் அந்த வண்ண உடையில் ஊர்வலம் போகக் கூடாது என்று சட்டமும் செனட் ஆணையும் இருந்ததாக, அகஸ்டஸ் காலத்தில் எழுதிய டயோனிசியஸ் பதிவு செய்கிறார். பூசையைத் தேவியின் தாய்நாடான பிரிஜியாவின் (இன்றைய துருக்கிப் பகுதி) ஆணும் பெண்ணும் செய்தார்கள். ரோமானியர்கள் தங்கள் பங்குக்கு ஏப்ரல் 4 முதல் 10 வரை விருந்தும் விளையாட்டும் நாடகமும் நடத்தினார்கள். டெரன்ஸ் எழுதிய ஆறு நாடகங்களில் நான்கு அரங்கேறியது இந்த விழாவில்தான். கெடுபிடி பேரரசர் கிளாடியஸ் காலத்திலிருந்துதான் மெல்லத் தளர்ந்தது.

அதனால்தான் மெட்ரோபாலிடன் வெண்கலம் அவ்வளவு அடக்கமாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பறை இருக்கிறது, அடிப்பவர் இல்லை. பூசாரிகள் இல்லை, கூட்டம் இல்லை. ரத்தமும் கூச்சலும் வடிகட்டப்பட்ட சிபெலே, ரோம் விரும்பிய சிபெலே. அழகான வேலைப்பாடுதான், ஆனால் ஊர்வலத்தின் முக்கால்வாசியை வெளியே விட்டுவிட்ட வேலைப்பாடு.

அந்த விழா எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். கி.பி. 363-இல் பாரசீகத்தின் மேல் படையெடுத்துப் போன பேரரசர் ஜூலியன், மார்ச் 27 அன்று யூப்ரடீஸ் கரையில் காலினிக்கம் என்ற கோட்டையில் இருந்தார். ரோமில் தேவியின் வண்டியைக் கழுவும் நாள் என்பதால், போர்ப் பயணத்தின் நடுவிலேயே அந்தச் சடங்கை முறைப்படி செய்தார். பழைய தெய்வங்களை மீட்டெடுக்க நினைத்த கடைசிப் பேரரசர் அவர். அதே ஆண்டு ஜூன் மாதம் போரில் இறந்தார்.

இப்போது துர்க்கை. சிங்கமும் பெண் தெய்வமும் சேர்ந்திருப்பது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது. மேற்கு ஆசியாவில் சிங்கத்தோடு வரும் தேவியர் பலர், சிபெலே அவர்களில் ஒருத்தி. துர்க்கையின் சிங்கத்துக்கு வெளியே வேர் தேடும் ஆய்வாளர்கள் பேசுவது நானா என்ற தேவியைப் பற்றி. மெசபடோமியாவில் தொடங்கி, மத்திய ஆசியா வழியாக வந்து, குஷானர் நாணயங்களில் சிங்கத்தின்மேல் அமர்ந்திருப்பவள். மதுராவில் கிடைத்த குஷானர் கால மகிஷாசுரமர்த்தினிகள் பலவற்றில் சிங்கம் இல்லை. குப்தர் காலத்தில்தான் அது வழக்கமாகிறது. ஆகவே கேள்வி நியாயமானதுதான், ஆனால் விடை ரோம் இருக்கும் திசையில் இல்லை. உங்கள் குழு சொல்வதுபோல் இங்கிருந்து அவள் ரோமுக்குப் போனதாக எந்தத் தடயமும் கிடையாது.

ஆனால் சிபெலே கிழக்கே வந்திருக்கிறாள்! ஆப்கானிஸ்தானில் ஐ-கானும் என்ற கிரேக்க நகரத்தின் இடிபாடுகளில் ஒரு வட்டமான வெள்ளித் தகடு கிடைத்தது. சுமார் 25 செ.மீ. குறுக்களவு, தங்க முலாம் பூசியது, கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. சிங்கங்கள் இழுக்கும் தேரில் சிபெலே நிற்கிறாள், கூடவே வெற்றித் தேவி, பின்னால் குடை பிடிக்க ஒரு பூசாரி, வானத்தில் சூரியன், பிறை, நட்சத்திரம். நீங்கள் பார்த்த வெண்கலத்தைவிட நானூறு வருடத்துக்கு மேல் மூத்தது. குழுவில் அடுத்த சண்டை வந்தால் அந்தப் படத்தைப் போடுங்கள். 'குடை பிடிக்கிறார்களே, அப்போ நம்ம ஊர்தான்' என்று யாராவது கிளம்பினால் நான் பொறுப்பல்ல.