அடிக்க மாட்டேன் என்கிற பாதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினிப் பொறியியல் முடித்திருக்கிறேன். ட்ரோன்கள் இலக்கை அடையாளம் காண்பதற்கான மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ‘கொலைக்குக் கூலி வாங்கப் போறியா’ என்கிறார். எனக்கோ இது போரைத் தடுக்கும் வேலை என்று படுகிறது. நம்மிடம் வேகமான ஆயுதம் இருந்தால் எதிரி கைவைக்கப் பயப்படுவான். ஆளில்லா ஆயுதம் என்பதால் உயிர்ச்சேதமும் குறையும். எப்படியும் கடைசிப் பொத்தான் மனிதன் கையில்தான் இருக்கப்போகிறது. 1983இல் சோவியத் அதிகாரி பெத்ரோவ் உலகைக் காப்பாற்றவில்லையா? வேலையில் சேரலாமா, சொல்லுங்கள்.

செந்தில், திருச்சி

அன்புள்ள செந்தில்,

முதலில், அம்மாவிடம் வாக்குவாதம் வேண்டாம். அவர் கேட்டது கேட்க வேண்டிய கேள்வி. வேலை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

உயிர்ச்சேதம் குறையும் என்கிறீர்கள். உக்ரைன் செய்திகளை ஒரு வாரம் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். எதிரி பயப்படுவான் என்பதும் அவ்வளவு லேசான விஷயமில்லை. 2025 ஜூன் 1 அன்று, லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோன 117 ட்ரோன்களை ரஷ்யாவுக்குள்ளேயே கிளப்பி, அணுகுண்டு சுமக்கக்கூடிய விமானங்கள் நின்ற தளங்களை உக்ரைன் அடித்தது. உலகின் மிகப் பெரிய அணு ஆயுதக் குவியல்களில் ஒன்று எதிரே இருந்தும் அந்த பயம் அவர்களைத் தடுக்கவில்லை. 2019இல் அமெரிக்காவின் குளோபல் ஹாக் என்ற ஆளில்லா உளவு விமானத்தை ஈரான் சுட்டு வீழ்த்தியது. பதிலடிக்கு எல்லாம் தயாரான பிறகு ட்ரம்ப் நிறுத்தினார். ஆளில்லா விமானம் ஒன்றுக்காக 150 பேரைக் கொல்வது தகாது என்றார். உள்ளே ஆள் இல்லை என்றால் சுடுகிறவனுக்கும் துணிச்சல் வருகிறது, அடி வாங்கியவனுக்கும் பொறுத்துக்கொள்ள வழி கிடைக்கிறது. இது நல்லதா கெட்டதா என்று இரண்டு பக்கமும் பேசலாம். இன்று அதற்குள் போகவில்லை.

என்னை எழுத வைத்தது நீங்கள் இழுத்த பெத்ரோவ். எல்லோரும் அந்தக் கதையிலிருந்து ஒரே பாடத்தைத்தான் எடுக்கிறார்கள்: நல்ல மனிதர் ஒருவர் இருந்தார், உலகம் பிழைத்தது. அது அரைப் பாடம்.

செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற எச்சரிக்கை மையம். அமெரிக்க ஏவுகணைகளைக் கவனிக்கும் ஓகோ செயற்கைக்கோள் ஒரு ஏவுகணை என்றது, பிறகு ஐந்து என்றது. பணியில் இருந்த பெத்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். அந்தச் செயற்கைக்கோள்கள் அமெரிக்க ஏவுதளங்களை நேர்மேலே இருந்து பார்க்கவில்லை. தீப்பிழம்பு கறுத்த விண்வெளியின் பின்னணியில் துலங்கட்டும் என்று பூமியின் விளிம்பை ஒட்டிச் சாய்வாகப் பார்த்தன. அன்று உயரத்து மேகங்களில் பட்ட சூரிய ஒளி அதே சாய்வில் திரும்பி உணரியில் விழுந்தது. கருவி அதை நெருப்பு என்று எடுத்துக்கொண்டது. பெத்ரோவ் பொறியாளர், அமைப்பு புதியது, அதன் ஓட்டை உடைசல் அவருக்குத் தெரியும். அமெரிக்கா தொடங்குவதென்றால் ஐந்தோடு தொடங்குமா என்று யோசிக்கச் சில நிமிடங்களும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகத் தரை ரேடார்கள் இருந்தன. செயற்கைக்கோளோடு ஒட்டுறவு இல்லாத இன்னொரு கண் அது. அந்தக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை.

இந்த மூன்றையும் பிடுங்கிக்கொண்டு ஒரு நல்ல மனிதரை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2003 மார்ச் 23, ஈராக் போர். குவைத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டனின் டொர்னேடோ விமானத்தை அமெரிக்காவின் பேட்ரியாட் வான்பாதுகாப்பு ஏவுகணை சுட்டு வீழ்த்தியது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். சுட முடிவெடுத்தவர்கள் மனிதர்கள்தான். பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை என்ன சொல்கிறது? விமானம் இறங்கி வந்த பாதையைப் பார்த்து, ரேடாரைத் தேடி வரும் ஏவுகணை என்று கணினி வகைப்படுத்தியது. அந்த வகைப்பாட்டு விதியை உலகில் இருக்கும் பல வகை ரேடார் எதிர்ப்பு ஏவுகணைகளும் அடங்கும்படி அகலமாக எழுதிவைத்திருந்தார்கள். ஈராக்கிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து யாரும் அதைச் சுருக்கவில்லை. நண்பனா பகைவனா என்று கேட்கும் கருவிக்குத் தேவையான குறியீடுகள் அந்த பேட்ரியாட் பிரிவில் முழுமையாக ஏற்றப்படவில்லை. தகவல்தொடர்புக் கருவிகள் வந்துசேராததால் வெளியே மற்றவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதும் தெரியவில்லை. கையில் இருந்தது ஏறக்குறைய ஒரு நிமிடம். பத்து நாள் கழித்து அமெரிக்காவின் சொந்தக் கடற்படை விமானம் ஒன்றும் இன்னொரு பேட்ரியாட்டுக்குப் பலியானது.

பொத்தான் மனிதன் கையில் என்று ஒரே வரியில் முடிக்கிறீர்களே, திரை சொல்வதைச் சோதித்துப் பார்க்க அந்த மனிதன் கையில் எதைக் கொடுத்தீர்கள்? பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கும் வாதம் இது, தம்பி. ஆயுதம் செய்யப் போகிறவன் இவ்வளவு சோம்பலாக யோசிக்கக் கூடாது.

அச்சுறுத்திப் போரைத் தடுப்பதில் இரண்டு பாதி உண்டு. எல்லை தாண்டினால் அடிப்பேன் என்பது ஒரு பாதி. தாண்டாத வரை அடிக்க மாட்டேன் என்பது மறு பாதி. இந்த இரண்டாவது பாதியை எதிரி நம்பினால்தான் அவன் கை அடங்கியிருக்கும். எப்படியும் அடி விழத்தான் போகிறது என்று நினைத்துவிட்டால் அவன் முந்திக்கொள்வான். வேகத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதல் பாதியையே மெருகேற்றிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது பாதிக்கு வேண்டியது, தாண்டினானா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் நேரம்.

நம் எல்லையிலேயே பாருங்கள். 2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் பிரம்மோஸ் ஒன்று தவறுதலாகக் கிளம்பிவிட்டது. வாகனத்தில் ஏற்றியிருந்த ஏவுகணைகளின் இணைப்பான்கள் ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கழற்றப்படாமலே இருந்தன என்று அரசு பின்னர் நீதிமன்றத்தில் சொன்னது. மூன்று அதிகாரிகளின் வேலை போனது. ஏவுகணை பாகிஸ்தான் வானில் 124 கிலோமீட்டரை நான்கு நிமிடத்துக்குள் கடந்து மியான் சன்னு அருகே விழுந்தது. வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. நாம் வாய்திறந்தது இரண்டு நாள் கழித்து. ஏவுகணைச் சோதனையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று 2005இல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும்தான். பிரம்மோஸ் விமானம்போல் தாழப் பறக்கும் குரூஸ் வகை, அதில் வராது. பாகிஸ்தான் பதிலுக்கு எதையும் ஏவவில்லை. வந்தது ஒன்றே ஒன்று, எல்லையில் அன்று பதற்றமும் இல்லை.

2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலில் அப்படி இருக்கவில்லை. இரண்டு பக்கமும் ட்ரோன்கள். ஒரே இரவில் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் வந்தன என்றது இந்தியா. ராவல்பிண்டியின் நூர் கான் தளத்தை நோக்கி வந்த பிரம்மோஸில் அணுகுண்டு இருக்கிறதா என்று கணிக்கத் தங்களுக்கு 30 முதல் 45 விநாடிகள்தான் இருந்தன என்று பாகிஸ்தான் பிரதமரின் ஆலோசகர் ராணா சனாவுல்லா பிற்பாடு தொலைக்காட்சியில் சொன்னார். 30 விநாடியில் எதிர்த்தரப்பைத் தொலைபேசியில் பிடிக்கக்கூட முடியாது.

செயற்கை நுண்ணறிவு நுழையப்போகும் இடம் இதுதான். பொத்தானில் யாரும் அதை வைக்கப்போவதில்லை. அணு ஆயுத முடிவு மனிதனிடமே இருக்கும் என்று 2024 நவம்பரில் லிமாவில் பைடனும் ஷி ஜின்பிங்கும் ஒப்புக்கொண்டார்கள், நல்லது. ஆனால் அந்த 30 விநாடியில் வருவது என்ன என்று திரையில் எழுதிக் காட்டுவது, தரவைக் காட்டிப் பழக்கிய நிரலாக, அதாவது ‘மாடலாக’ இருக்கும். அதை எதை வைத்துப் பழக்குவார்கள்? அணுகுண்டு ஏற்றிய ஏவுகணையை எதிரி மேல் யாரும் இதுவரை ஏவியதில்லை. உண்மைத் தரவு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. இருப்பதெல்லாம் கணினியில் செய்துபார்த்த ஒத்திகை. அதிலிருந்து பிறந்த மாடல், அணுகுண்டாக இருக்க வாய்ப்பு 87 சதவீதம் என்று காட்டினால், அந்த 87 எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒருவருக்கும் நேரம் இருக்காது. போதாததற்கு, குண்டைத் தனியாகவும் ஏவுகணையைத் தனியாகவும் வைக்கும் பழைய வழக்கம் தந்த அவகாசமும் சுருங்குகிறது. இந்தியாவின் அக்னி-5, அக்னி-பி ஏவுகணைகள் எல்லாம் மூடிய குழாய்க்குள் அடைத்து ஏவத் தயாராக வைக்கும் வகை.

சர்வதேசச் சட்டம் வந்து பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்காதீர்கள். 2023 டிசம்பரில் தானியங்கி ஆயுதங்களைப் பற்றிய ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு, அதில் இந்தியாவும் ஒன்று.

சரி, வேலை. போய்ச் சேருவதற்கு முன் அங்கே இருப்பவர்களிடம் சிலவற்றைக் கேளுங்கள். உங்கள் மாடலுக்குத் ‘தெரியவில்லை’ என்று சொல்லத் தெரியுமா, அல்லது எதைக் காட்டினாலும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடுமா? இரண்டு மாடல்கள் ஒத்துப்போகின்றன என்றால் இரண்டும் ஒரே கேமராப் படத்தைப் பார்க்கின்றனவா, வேறு வேறு உணரியா? எதிரி ரேடியோ சிக்னலைக் குழப்பும் ஜாமிங்கில் இணைப்பு அறுந்தால் ட்ரோன் திரும்புமா, சுற்றுமா, தானே போய் அடிக்குமா? இதில் எது என்பதை யார், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு முடிவு செய்தார்கள்? இயக்குபவர் ‘வேண்டாம்’ என்று மறுத்தால் அவரிடம் விளக்கம் கேட்பீர்களா? ‘அடி’ என்று சொன்னவரிடமும் அதே விளக்கம் கேட்பீர்களா?

பதில்களை எழுதிக்கொண்டு வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். தமிழில் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்படி. அவருக்குப் புரியும்படி உங்களால் சொல்ல முடியாத பதில் எது என்று பார்த்து, அதை எனக்கு எழுதுங்கள்.