ஜெத்தாவும் ரெனோவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிலிப்பைன்ஸின் பூல் ஆட்டக்காரர் எஃப்ரென் ரெயஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2006-இல் ஒரே போட்டியில் அவர் 5 லட்சம் டாலர் ஜெயித்தார் என்று சொல்லியிருந்தீர்கள். என் தம்பிக்கு 23 வயது. கோவையில் ஒரு பூல் பார்லரில் நைன்-பால் (மேசையில் ஒன்பது பந்துகளை வைத்து, கியூ கோலால் அடித்துக் குழிகளில் தள்ளும் பூல் ஆட்டம்) ஆடுகிறான். நன்றாக ஆடுகிறான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சவூதியின் ஜெத்தாவில் நடக்கும் உலகப் போட்டியில் முதல் பரிசு இரண்டரை லட்சம் டாலர் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஆடப்போகிறேன் என்கிறான். இந்தப் பணமெல்லாம் உண்மைதானா? இதை நம்பி ஒருவர் வாழ முடியுமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

ஜெத்தா பணம் உண்மைதான். ஆனால் ரெயஸ் கதையை நான் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். மீதியையும் சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

2005-இல் அமெரிக்காவில் இன்டர்நேஷனல் பூல் டூர் என்று ஒரு போட்டித் தொடர் தொடங்கியது. நடத்தியவர் கெவின் ட்ரூடோ, டிவி விளம்பரங்களில் பொருள் விற்றுப் பணம் சேர்த்தவர். பூல் ஆட்டக்காரர்கள் அதுவரை கனவிலும் பார்க்காத தொகைகளை அவர் அறிவித்தார். 2006 ஜூலையில் லாஸ் வேகஸில் முதல் பரிசு மூன்றரை லட்சம் டாலர். ஜெர்மனியின் தோர்ஸ்டன் ஹோமன் வாங்கினார். செப்டம்பரில் ரெனோவில் மொத்தப் பரிசு 30 லட்சம், அதில் முதல் பரிசு 5 லட்சம். இறுதி ஆட்டத்தில் ராட்னி மோரிஸை வென்றது ரெயஸ். அப்போது அவருக்கு 52 வயது.

கோப்பையைத் தூக்கிய படம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பணம் சொன்ன நேரத்தில் வரவில்லை. இப்போது முழுத்தொகையும் கையில் இல்லை, தவணையாகத் தருகிறோம் என்று ஆட்டக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் இணையச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் வந்தது. அந்தத் துறையிலிருந்து வரவேண்டிய முதலீட்டை நம்பியிருந்ததாக டூர் விளக்கம் சொன்னது. அவ்வளவுதான், அதன் பெரிய போட்டிகள் முடிந்துபோயின. ட்ரூடோ வேறொரு வழக்கில் நீதிமன்ற அவமதிப்புக்காக 2014-இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

எனக்கு இதில் ரெயஸைவிட மற்றவர்களை நினைத்தால்தான் மனது கஷ்டப்படுகிறது. ரெனோவில் முதல் சுற்றுகளிலேயே வெளியேறியவர்கள் எத்தனையோ பேர். விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் கடன் வாங்கியோ கிரெடிட் கார்டிலோ போட்டுக்கொண்டு வந்தவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். பட்டியலில் தன் பெயருக்கு நேராக இருக்கும் சில ஆயிரம் டாலர் வந்தால் அடைத்துவிடலாம் என்றுதானே அப்படிக் கிளம்புகிறார்கள். ஐந்து லட்சம் தாமதமானால் செய்தி ஆகிறது. சில ஆயிரம் தாமதமானால் அந்த வீட்டில் வாடகை நிற்கிறது, அது யாருக்கும் தெரிவதில்லை.

அதனால் உங்கள் தம்பி எந்தப் போட்டியைப் பார்த்தாலும், பணம் யாருடையது, முதல் பிரேக் அடிப்பதற்கு முன்பே அது வங்கியில் இருக்கிறதா என்று கேட்கப் பழக வேண்டும். 1996-இல் டல்லஸ் போட்டி ஒன்றில், தொடர்ந்து 10 ரேக் (பந்துகளை ஒருமுறை அடுக்கி ஆடி முடிப்பது ஒரு ரேக்) முடிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். நடக்காது என்ற நம்பிக்கையில் வைக்கும் பரிசு அது. நடத்துபவர்கள் அதற்கு ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுவார்கள். அமெரிக்க ஆட்டக்காரர் எர்ல் ஸ்ட்ரிக்லண்ட் அதைச் செய்துகாட்டினார். உடனே செக் வந்ததா? இல்லை. வழக்கு வரைக்கும் போய், கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

அப்புறம் சாதாரணப் போட்டிகளுக்கு வருவோம். உங்கள் தம்பி முதலில் ஆடப்போவது அங்கேதான். ஒரு போட்டியில் 64 பேர், ஆளுக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்லர்காரர் 2,000 டாலர் சேர்க்கிறார். மொத்தம் 8,400. போஸ்டரில் இதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஆனால் அதில் 6,400 ஆட்டக்காரர்கள் தாங்களே கொண்டுவந்தது. அமெரிக்காவில் அந்த 2,000-ஐ மட்டும் தனியாகப் பிரித்து ‘ஆடட் மணி’ என்பார்கள். அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அது சிறியதாக இருந்தால், அன்று அங்கே நடப்பது ஒருவர் பாக்கெட்டிலிருந்து இன்னொருவர் பாக்கெட்டுக்குப் பணம் மாறுவது மட்டும்தான். முதல் 16 பேருக்குத்தான் பரிசு என்றால் மீதி 48 பேரும் கைக்காசு போட்டவர்கள். பயணச் செலவைக் கழித்தால் அந்த 16 பேரிலும் பலருக்கு ஒன்றும் மிஞ்சாது.

இதனால்தான் இந்த ஆட்டத்தில் எப்போதும் ஒரு பக்கவழி இருந்துவந்திருக்கிறது. ஆட்டக்காரரின் செலவுக்குப் பணம் போட்டு அனுப்பிவிட்டு, அவர் ஜெயித்தால் பங்கு வாங்குபவர்கள் உண்டு. ‘கால்கட்டா’ என்றொரு ஏலமும் உண்டு. பெயர் நம் கல்கத்தாவின் குதிரைப் பந்தயத்திலிருந்து போனது. போட்டி தொடங்கும் முன் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக ஏலம் விடுவார்கள். சேர்ந்த பணம், ஜெயித்த ஆட்டக்காரரை ஏலத்தில் எடுத்தவர்களுக்குப் போகும். ஆட்டக்காரர் விரும்பினால், தன்னை ஏலத்தில் எடுத்தவரிடம் பணம் கொடுத்துப் பாதிப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளலாம். பரிசைவிட இந்த ஏலப்பணம் பெரிதாக இருந்த போட்டிகளும் உண்டு.

இப்போது ஜெத்தா. உலகப் பூல் சாம்பியன்ஷிப்பின் முதல் பரிசு 2023-இல் போலந்தில் 60,000 டாலர். அடுத்த ஆண்டு சவூதிக்குப் போனதும் இரண்டரை லட்சம் ஆனது, மொத்தம் 10 லட்சம், 128 ஆட்டக்காரர்கள். அந்த 2024 இறுதி ஆட்டத்தைத் தம்பி பார்த்திருப்பார். ரஷ்யாவில் பிறந்த ஃபியோதர் கோர்ஸ்டும் அல்பேனியாவின் எக்லண்ட் காச்சியும், முதலில் 15 ரேக் ஜெயிப்பவருக்கே பட்டம் என்ற ஆட்டத்தில் 14–14 வரை வந்தார்கள். கடைசி ரேக் கோர்ஸ்டுக்குப் போனது. அவருக்கு இரண்டரை லட்சம், காச்சிக்கு 1 லட்சம். ஒரே ஒரு ரேக்குக்கு ஒன்றரை லட்சம் டாலர் வித்தியாசம்! பார்க்கும் நமக்கு நெஞ்சு படபடக்கிறது. ஆனால் மொத்தப் பணத்தில் கால்வாசி ஒருவருக்கே போனால், அடியில் இருக்கும் நூறு பேருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இறுதிக்கு வரும் இருவர் முன்கூட்டியே பேசிப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் சிறிய போட்டிகளில் இருப்பதற்கும் இந்த மாதிரி இடைவெளிதான் காரணம். அதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. வாடகை கட்ட வேண்டியவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள்.

ஸ்னூக்கரோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் புரியும். உலக ஸ்னூக்கர் சாம்பியனுக்கு 2019-லிருந்து 5 லட்சம் பவுண்டு. முதல் பரிசு அங்கேயும் பெரியதுதான். ஆனால் ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் முதல் சுற்றிலேயே தோற்பவருக்கு 20,000 பவுண்டு கிடைக்கிறது. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவருக்கும் 15,000. அவர் அடுத்த மாதமும் பயிற்சி செய்யலாம். பூலுக்கு வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முதல் பரிசை இரண்டு லட்சமாகக் குறைத்து அந்த 50,000-ஐ அடியில் இருக்கும் 50 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,000 டாலர் கூடும். ஜெயித்தவருக்கு அது பெரிய இழப்பு ஆகாது. தோற்றவருக்கோ அது ஊர் திரும்பும் டிக்கெட்.

சரி, தம்பி விஷயம். ஆட வேண்டாம் என்று சொல்லாதீர்கள். 2017-லும் 2025-லும் உலகப் பட்டம் வாங்கிய பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ, முன்பு கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கி வேலை பார்த்தவர். அதே சமயம் வேலையை இப்போதே விடவும் வேண்டாம். ஓராண்டுக்கு, ஆடும் ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம், பஸ் அல்லது ரயில் செலவு, தங்கும் செலவு, கிடைத்த பரிசு என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கியூ டிப் மாற்றிய செலவையும் சேர்த்து. ஆண்டு முடிந்ததும் கூட்டிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். கணக்கு எப்படி வந்தாலும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.