ஒரே முகவரியில் இரண்டு அட்டைகள்

கேள்வி: ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் டிஎஸ்3231 கடிகார அட்டையும், அசைவை அளக்கும் எம்பியு6050 அட்டையும் மாட்டினேன். தனித்தனியாக நன்றாக ஓடுகின்றன. சேர்த்து மாட்டினால் இரண்டுமே தாறுமாறு. அட்டை பழுதா?

பதில்: பழுதே இல்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐ2சி பஸ்ஸில், அதாவது அட்டைகள் ராஸ்பெரி பையோடு பேசும் பொது இணைப்பில், எல்லா அட்டைகளும் பையின் 3, 5-ஆம் பின்களில் வரும் இரண்டே கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. யாரைக் கூப்பிடுகிறோம் என்பதை முகவரிதான் சொல்லும். உங்கள் இரண்டு அட்டைகளுக்கும் ஹெக்ஸ் (16-அடிமான) கணக்கில் 68 என்ற ஒரே முகவரி. கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்கின்றன!

கடிகாரத்தின் முகவரியை மாற்ற வழியில்லை. எம்பியு6050-இல் ‘ஏடி0’ என்று ஒரு பின் இருக்கும். பையை அணைத்துவிட்டு, அதை 3.3 வோல்ட்டில் இணையுங்கள். முகவரி 69 ஆகிவிடும். உங்கள் புரோகிராமிலும் ஹெக்ஸ் 69 என்று மாற்றுங்கள். அப்புறம், பஸ்ஸில் எந்தெந்த முகவரிகள் பதில் சொல்கின்றன என்று காட்டும் ‘ஐ2சி டிடெக்ட்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கடிகாரத்தின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) ஏற்கெனவே ஏறியிருந்தால் 68 இருக்க வேண்டிய கட்டத்தில் ‘யுயு’ என்று காட்டும். அது பிழையல்ல.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள்: கடிகார அட்டைக்கு மின்சாரத்தை 1-ஆம் பின்னிலிருந்து, அதாவது 3.3 வோல்ட்டில் கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால், சிக்னல் கம்பிகளை மின்சாரத்தோடு இணைக்க அட்டையிலுள்ள புல்-அப் ரெசிஸ்டர்கள் வழியாக அது சிக்னல் கம்பிகளுக்கும் ஏறிவிடும். பையின் பின்கள் அதைத் தாங்காது. நான் அப்படி ஒரு போர்டை இழந்திருக்கிறேன். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.