டைமர் வைத்தும் அடங்காத போன்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. இரவு ஒரு மணி வரை போனும் கையுமாக இருக்கிறான். டைமர் வைத்தேன், இரண்டே நாளில் நீக்கிவிட்டான். பிடுங்கினால் வீடே ரணகளம். என்ன செய்வது?

பதில்: பூட்டைப் போட்டுவிட்டு சாவியை அதிலேயே விட்டிருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டின் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ டைமர், போன் வைத்திருப்பவர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு. செட்டிங்ஸுக்குள் போய் அவரே எடுத்துவிடலாம். உங்களுக்கு வேண்டியது ‘ஃபேமிலி லிங்க்’, பிள்ளையின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்தும் கூகுள் ஆப். அவனுடைய கணக்கை அதில் இணைக்க அவன் சம்மதமும் தேவைப்படும் என்பதால் பேசி முடித்த பிறகு தொடங்குங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் நேரக் கட்டுப்பாட்டுக்கான ‘ஸ்க்ரீன் டைம்’ பகுதிக்குத் தனி பாஸ்கோடு வையுங்கள். மறந்தால் மீட்பதற்கு உங்கள் ஆப்பிள் கணக்கைக் கொடுங்கள். அவனுடையதைக் கொடுத்தால் அவனே மாற்றிக்கொள்வான். ஆப்பை மட்டும் தடுத்தால் போதாது, அதே வீடியோ பிரவுசரில் ஓடும்.

இதெல்லாம் இரண்டாவது வேலைதான். முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை 6 மணிக்கு எழுபவன் இரவு 10 மணிக்காவது தூங்க வேண்டும். அப்படியானால் 9 மணிக்கே போன் சார்ஜரோடு ஹாலுக்கு வந்துவிட வேண்டும், உங்களுடையதும் சேர்த்து. “அலாரத்துக்கு வேணுமே” என்பான். ஓர் அலாரம் கடிகாரத்தை முன்பே வாங்கி வையுங்கள். ஒரு மணியிலிருந்து ஒரேயடியாக 9-க்கு இறக்கினால் தூக்கம் வராமல் புரள்வான். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரமாகக் குறையுங்கள்.

ரணகளம் பெரும்பாலும் ஆட்டத்தின் நடுவே பிடுங்குவதால் வருகிறது. பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமைப் பாதியில் நிறுத்திவைக்க முடியாது. விலகினால் அணியே தோற்கலாம், நண்பர்கள் திட்டுவார்கள். கால் மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். ஓடும் ஆட்டம் முடியட்டும், அடுத்தது கிடையாது.

கேள்வி: என் மகளுக்குப் பள்ளிப் பாடமும் போனில்தான் வருகிறது. எது படிப்பு, எது பொழுதுபோக்கு என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: ஒரு வாரம் எதையும் தடுக்காமல் போன் பயன்பாட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள், மகளோடு சேர்ந்து உட்கார்ந்தே. மொத்த மணி நேரத்தைவிட எந்த ஆப், ஒரு நாளில் எத்தனை முறை திறந்தாள், எத்தனை நோட்டிஃபிகேஷன் என்பவைதான் முக்கியம். ஒரு கணக்குப் போடுவதற்குள் ஐந்து முறை போன் ஒலித்தால் கோளாறு நோட்டிஃபிகேஷனில் இருக்கிறது. அழைப்பு, பள்ளிக் குழு இரண்டையும் விட்டுவிட்டு மற்றதை அணையுங்கள். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓட்டும் ஆட்டோபிளேயையும் நிறுத்துங்கள். பாடத்தைத் தாளில் குறித்துக்கொண்டதும் போன் வேறு அறைக்குப் போகட்டும்; மேஜையில் கவிழ்த்து வைப்பதெல்லாம் கணக்கில் வராது.