வாத்தியார் வரமாட்டார்

அன்புள்ள ஐயா,

எங்களோடு என் பெரியப்பா இருக்கிறார். வயது 79. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயில் 'நான்' வருவதே அபூர்வம். "வாத்தியார் இன்னிக்கு வெளிய வரமாட்டார்", "வாத்தியார் சொன்னா இந்த வீட்ல யார் கேக்கறா?" இப்படித்தான் பேசுவார். முழங்கால் வலி வந்தால் மட்டும் "எனக்கு முடியலப்பா" என்பார். இது தலைக்கனம் என்கிறாள் என் மனைவி. இரண்டே கால் வயதான எங்கள் மகனும் இப்போது "பாப்பாக்கு வேணும்", "பாப்பா வராது" என்று பேச ஆரம்பித்திருக்கிறான். தாத்தாவைப் பார்த்துக் கெட்டுப்போகிறான் என்று அவளுக்குப் பயம். சிலர் ஏன் தங்களையே வேறு யாரையோ போலச் சொல்லிக்கொள்கிறார்கள்? பெரியப்பாவிடம் சொல்லித் திருத்தலாமா?

கே., புதுக்கோட்டை

அன்புள்ள கே.,

பையன் விஷயம் சுலபம், அதை முதலில் முடித்துவிடுவோம். 'நான்' என்பது குழந்தைக்குப் பெரிய குழப்பம். அப்பா சொன்னால் அப்பா, அம்மா சொன்னால் அம்மா, பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் அக்கா என்று வாய்க்கு வாய் ஆள் மாறுகிற சொல் அது. பெயர் மாறாது. யார் கூப்பிட்டாலும் பாப்பா பாப்பாதான். போதாக்குறைக்கு நாமும் அவனிடம் "பாப்பா சமத்தா சாப்பிடுமாம்" என்றுதான் பேசுகிறோம். பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதை ஒட்டி 'நான்', 'நீ' இரண்டையும் சரியாகப் பிடித்துக்கொள்வார்கள். இதில் தாத்தாவுக்குப் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் மனைவி ஒரு நாளைக்கு எத்தனை தடவை "அம்மா சொல்றேன்ல?" என்கிறார் என்று வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள். எண்ணியதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

அந்த "அம்மா சொல்றேன்ல" இருக்கிறதே, அது நம் இலக்கணத்துக்குப் பழகிய வாக்கியம். எழுவாய் படர்க்கை, அதாவது வேறொருவர்; வினைமுற்று தன்மை, அதாவது நான். வழுதான், அதாவது பிழைதான், ஆனால் மன்னிக்கப்பட்ட வழு. பழைய இலக்கண நூலான நன்னூல் இதை இடவழுவமைதியில், அதாவது தன்மை, முன்னிலை, படர்க்கை மாறி வந்தாலும் ஏற்றுக்கொள்கிற வகையில் சேர்க்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் "சாத்தன்தாய் இவை செய்வலோ" என்பது. 'செய்வல்' என்றால் செய்வேன். யாரோ ஏதோ பழி சொல்லியிருக்கிறார்கள், சாத்தனைப் பெற்றவள் நானா இப்படிச் செய்வேன் என்று அவள் பொங்குகிறாள். வெறும் 'நான் செய்வேனா' என்று கேட்டிருந்தால் அது ஒருத்தியின் மறுப்போடு நின்றிருக்கும். சாத்தன்தாய் என்று சொன்னதும் அவளுக்கு ஊரில் உள்ள இடம் முழுவதும் சாட்சிக்கு வந்துவிடுகிறது. "அம்மா சொல்றேன்ல" என்பதிலும் நடப்பது இதுதான். சொல்வது நான், ஆனால் அதிகாரம் அம்மாவுடையது.

உங்கள் பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போய் வினையையும் படர்க்கையாக்கிவிடுகிறார். 'வாத்தியார் வரமாட்டேன்' இல்லை, "வாத்தியார் வரமாட்டார்". உங்கள் மனைவியை உறுத்துவது அந்த 'ஆர்' என்று நினைக்கிறேன். தமிழில் தன்னைப் படர்க்கையில் சொல்பவருக்கு இந்தத் தொல்லை உண்டு. அவனா, அவரா, அதுவா என்று முடிவு செய்யாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. உங்கள் மகன் தன்னை 'அது' என்று வைத்துக்கொண்டான், யாருக்கும் கோபம் வரவில்லை. பெரியப்பா தனக்குத் தானே மரியாதை கொடுத்துக்கொள்வது போல இருக்கிறது.

ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வாத்தியார் என்ற சொல்லே மரியாதையோடு பிறந்தது. 'வாத்தியார் வரமாட்டான்' என்று அவரே நினைத்தாலும் சொல்ல வராது. அதோடு அது அவர் உண்டாக்கிய வாக்கியமும் அல்ல. வராந்தாவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு "வாத்தியார் வர்றார்டா" என்று பையன்கள் ஓடியதை எத்தனை ஆண்டுகள் கேட்டிருப்பார்! இன்று அதைச் சொல்ல ஆள் இல்லை. அவரே சொல்லிக்கொள்கிறார்.

காற்பந்து வீரர் பெலே தன்னைப் பற்றி இப்படித்தான் பேசுவார். பெற்றோர் வைத்த பெயர் எட்சன். எட்சன் சாதாரண ஆள், பெலே வேறு என்று இரண்டு பேரைப் போலப் பிரித்துச் சொல்வார். கேட்டவர்கள் சிரித்திருக்கிறார்கள். எனக்கென்னவோ அது நேர்மையான பேச்சாகத்தான் பட்டது. 17 வயதில் உலகக் கோப்பை ஜெயித்தவரின் பெயர் அன்றே அவர் கையை விட்டுப் போயிருக்கும். ஊரார் வளர்த்த ஆளை எப்படி 'நான்' என்று சொல்வது?

இதற்கு நேர்மாறாக, வேண்டுமென்றே கணக்குப் போட்டுச் செய்தவர் ஜூலியஸ் சீசர். கி.மு. 58-இல் இன்றைய பிரான்ஸ் பக்கம் தொடங்கிய காலியப் போர்களைப் பற்றி அவரே எழுதினார். அதில் 'நான்' கிடையாது, 'சீசர் ஆணையிட்டார்', 'சீசர் படையை நகர்த்தினார்' என்றே போகும். ரோமில் அவருக்கு எதிரிகள் நிறைய. 'நான் வென்றேன்' என்றால் பெருமையடிக்கிறான் என்பார்கள், 'சீசர் வென்றார்' என்றால் செய்தி. ஆனால் தன் படையினரை அடிக்கடி 'நம்மவர்கள்' என்று எழுதுவார். யார் பேசுவது என்பது அங்கே தெரிந்துவிடும். 1996-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற பாப் டோல் இதே மாதிரி தன் பெயரைச் சொல்லியே பேசுவார். நகைச்சுவை நடிகர்கள் அவரைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். எழுத்தில் அடக்கம் போலத் தெரிவது மைக்கில் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. நம் மேடைகளில் 'உங்கள் வீட்டுப் பிள்ளை' என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். பெயரை விட்டுவிட்டு உறவைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நம்மிடம் இதற்கு வேறொரு மரபும் இருக்கிறது. திருப்பாவையை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 29 பாட்டு வரை 'நாம்', 'யாம்' என்று தோழிகளோடு தோழியாகப் பேசுகிறாள் ஆண்டாள். 29-ஆம் பாட்டில் "உனக்கே நாமாட் செய்வோம்" என்கிறாள். அடுத்த பாட்டில் "பட்டர்பிரான் கோதை சொன்ன" என்று வருகிறது. நோன்பிருந்த கூட்டத்திலிருந்து வெளியே வந்து, இதைப் பாடியது கோதை என்று வேறொருத்தியைப் போலச் சொல்கிறாள். சம்பந்தரின் பதிகக் கடைசியில் 'ஞானசம்பந்தன்' வருவதும், நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 'குருகூர்ச் சடகோபன்' வருவதும் இப்படித்தான். வாய்வழியே போகிற பாட்டில் 'நான் சொன்னது' என்று முடித்தால், அதைப் பாடுகிறவர் எல்லோரும் 'நான்' ஆகிவிடுவார்கள். பெயர் இருந்தால் பாட்டு தொலையாது. இதில் ஆணவமும் இல்லை, பணிவும் இல்லை, முகவரிதான் இருக்கிறது.

பணிவுக்காகச் செய்தவர்கள் என்றால் எனக்குத் திருவண்ணாமலைதான் நினைவுக்கு வரும். அங்கே விசிறியும் கொட்டாங்குச்சியுமாகத் தெருவில் இருந்தவர் யோகி ராம்சுரத்குமார். ஊர் அவரை விசிறி சாமியார் என்றது. அவர் தன்னை 'இந்தப் பிச்சைக்காரன்' என்பார். கங்கைக் கரையில் பிறந்தவர், அவரும் ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர்தான். 1952-இல் கேரளத்தில் காஞ்ஞங்காடு சுவாமி ராமதாஸிடம் மந்திர தீட்சை பெற்றார். தான் அன்றே குருவின் காலடியில் செத்துவிட்டதாகச் சொல்வார். அந்த ராமதாஸும் 'நான்' சொல்லாதவர். 1922-இல் வீட்டை விட்டுக் கிளம்பி நாடெங்கும் அலைந்த கதையை எழுதியபோது, ரயிலில் டிக்கெட் இல்லாமல் இறக்கிவிடப்பட்டதைக்கூட 'ராமதாஸ் இறக்கப்பட்டார்' என்ற தொனியில், யாருக்கோ நடந்தது போல எழுதிக்கொண்டு போகிறார். குருவுக்குப் பெயராவது மிஞ்சியது, சீடர் அதையும் விட்டுவிட்டார்.

இதிலும் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் உண்டு. ஆயிரம் பேர் வணங்க ஆரம்பித்த பிறகு 'பிச்சைக்காரன்' என்பதே ஒரு பட்டமாகிவிடாதா? அவருக்கு ஆகியிருக்காது. பக்தர்கள் அந்தச் சொல்லை உச்சரிக்கும் பக்தியைக் கேட்டால், அவர்களுக்கு ஆகிவிட்டது என்றே தோன்றுகிறது.

மனோதத்துவக்காரர்கள் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் அவரது குழுவினரும் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரைக் கூப்பிட்டு, கொஞ்ச நேரத்தில் நடுவர்கள் முன்னால் நீங்கள் பேச வேண்டும் என்றார்கள். ஒரு பாதிப் பேர் 'நான் ஏன் பயப்படுகிறேன்' என்று யோசிக்க வேண்டும். மீதிப் பேர் தங்கள் பெயரைச் சொல்லி, 'இவன் ஏன் பயப்படுகிறான்' என்கிற மாதிரி யோசிக்க வேண்டும். பெயரைச் சொல்லி யோசித்தவர்கள் நன்றாகப் பேசினார்கள், பேசி முடித்த பிறகு வெட்கிக் குமையவும் இல்லை. அடுத்தவன் கஷ்டத்துக்கு நாம் எவ்வளவு தெளிவாக யோசனை சொல்கிறோம்! அந்த விலகலைக் கொஞ்சம் நமக்கும் எடுத்துக்கொள்வதுதான் இது. ஆனால் அது மனசுக்குள் பேசுவது. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பிரிவில் தவிக்கிற தலைவி தன் நெஞ்சை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பேசுகிறாள், அதைத் திட்டுகிறாள். பக்கத்தில் யாரும் இல்லை.

பெரியப்பாவின் பேச்சு அந்த வகை அல்ல. கேட்க ஆள் இருக்கும்போதுதான் அவர் வாத்தியார் ஆகிறார். "வாத்தியார் சொன்னா யார் கேக்கறா?" என்பதை உங்கள் மனைவி தலைக்கனமாக எடுத்துக்கொள்கிறார். எனக்கு அது புகாராகக் கேட்கிறது. முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. வலிக்கும்போது அவர் பதவியைக் கழற்றிவிட்டு 'எனக்கு' என்கிறார். தலைக்கனக்காரராக இருந்தால் 'வாத்தியாருக்குக் கால் வலிக்குது, யாரும் கவனிக்கலை' என்றல்லவா சொல்லியிருப்பார்?

அதனால் திருத்தப் போகாதீர்கள். 79 வயதில் ஒருவரைப் பிடித்து 'நான்' சொல்லிப் பழகுங்கள் என்பது வம்பு. பேரனோடு செய்கிற வேலை ஏதாவது அவருக்குக் கொடுங்கள். சாயங்காலம் அரை மணி நேரம் அவனுக்கு அ, ஆ சொல்லித் தரட்டும். பையன் தன்னைப் பாப்பா என்றும், அவர் தன்னை வாத்தியார் என்றும் சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் பேசுவதை உங்கள் மனைவி பக்கத்திலிருந்து ஒரு நாள் கேட்கட்டும். அப்புறமும் அது தலைக்கனம் என்றே அவருக்குத் தோன்றினால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.