விஎச்எஸ் கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது படம் துள்ளுவதும் ஒலி பின்தங்குவதும் ஏன்? எப்படிச் சரிசெய்வது?

வீட்டு விசேஷங்கள் பதிவான பழைய விஎச்எஸ் கேசட்டுகளை விசிஆரில் ஓட்டி, படச் சிக்னலைக் கணினிக் கோப்பாக்கும் யுஎஸ்பி கேப்சர் கருவி வழியாக மடிக்கணினியில் பதிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். டிவியில் ஒழுங்காகத் தெரியும் அதே கேசட், கணினியில் பதிவாகும்போது மட்டும் மேல்பகுதி வளைந்து துள்ளுகிறது. நடுநடுவே நீலத்திரை வருகிறது. ஒரு மணி நேரப் பதிவின் முடிவில் ஒலி படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. வேகமான கணினி வாங்கினால் இது தீருமா என்பது உங்கள் கேள்வி. தீராது என்பதே என் கருத்து. இந்த மூன்று கோளாறுகளுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அது கணினிக்கு வெளியே, கேசட்டுக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் இருக்கிறது.

பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் வினாடிக்கு 25 ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள்; ஒவ்வொரு ஃபிரேமிலும் 625 வரிகள். ஒரு வரிக்கு 64 மைக்ரோவினாடி. இந்தக் கணக்கை விஎச்எஸ் நாடா ஒருபோதும் துல்லியமாகக் காப்பாற்றுவதில்லை. நாடா இழுபடுகிறது, நாடாவைப் படிக்கும் ஹெட் பொருத்திய உருளையின் வேகம் சற்றே கூடிக் குறைகிறது, அதனால் ஒரு வரி கொஞ்சம் முன்பாகவும் அடுத்த வரி கொஞ்சம் பின்பாகவும் வந்து சேர்கிறது. பழைய படக்குழாய் டிவிகள் சிக்னலின் போக்குக்குத் தம்மை இசைத்துக்கொள்ளும் வகையில் அமைந்தவை. அதனால் கண்ணுக்குக் குறை தெரியாது. கேப்சர் கருவியில் உள்ள சிப்போ சீரான நேரத் துடிப்பை எதிர்பார்க்கிறது. துடிப்பு தவறும்போது வரிகள் இடம் மாறிப் படம் வளைகிறது. தவறு பெரிதானால் அந்த ஃபிரேமையே சிப் விட்டுவிடுகிறது. ஃபிரேம் விடுபட்டால் படம் குறுகும், ஒலி குறுகாது. நாற்பது ஃபிரேம்கள் விடுபட்டிருந்தால் 1.6 வினாடி இடைவெளி விழுந்துவிடும். நீங்கள் காணும் பின்தங்கல் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதை ஊகமாக விடாமல் சோதித்துப் பார்க்கலாம். விசிஆரைக் கழற்றிவிட்டு, அதே மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளில் ஒரு டிவிடி பிளேயரை இணைத்து, அதே அமைப்புகளோடு ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். டிவிடி பிளேயரின் வெளியீடு மிகச் சீரானது. கடையில் விற்கும் படத் தட்டுகளில் நகல் தடுப்பு இருக்கக்கூடும் என்பதால், நீங்களே எழுதிய தட்டைப் பயன்படுத்துவது நல்லது. பதிவு செய்யும் மென்பொருளில் விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையைக் கட்டாயம் கவனியுங்கள். விர்ச்சுவல்டப் மென்பொருள் விடுபட்டவற்றையும் இடைச்செருகியவற்றையும் தனித்தனியாகக் காட்டும். டிவிடியில் எண்ணிக்கை பூஜ்யமாகவே நின்று, கேசட்டில் மட்டும் ஏறினால், உங்கள் கணினி குற்றமற்றது. டிவிடியிலும் ஏறினால் மட்டுமே கணினிப் பக்கம் திரும்புங்கள்: யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேரடியாகச் செருகுங்கள், யுஎஸ்பியின் மின்சேமிப்பை நிறுத்துங்கள், பதிவு நடக்கும்போது வைரஸ் சோதனையோ பெரிய கோப்பு நகலெடுப்போ ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேசட்தான் காரணம் என்று தெரிந்தால், செலவில்லாத வேலைகளிலிருந்து தொடங்குவது முறை. முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாகச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை ஓட்டவே கூடாது, ஓட்டினால் விசிஆரின் உட்பகுதியும் அடுத்துப் போடும் கேசட்டுகளும் கெடும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, மீண்டும் முதலுக்குச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த சுருளின் இறுக்கம் இதனால் சமமாகும். அடுத்தது ஹெட்டைத் துடைப்பது. மின்சாரத்தைத் துண்டித்து மூடியைக் கழற்றி, நார் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நனைத்து, உருளையின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையை மேலிருந்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். துணியை மேலும் கீழுமாகத் தேய்த்தால் மயிரிழை அளவேயான ஹெட் முனை உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியின் நார் அதில் சிக்கும். இந்த ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து அவசரமாகச் செய்யாதீர்கள். உலகில் கடைசியாக விசிஆர் தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனம் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது கையில் இருக்கும் இயந்திரங்களே மிச்சம். துடைத்த பிறகு, ஹெட்டை நாடாவின் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங்கைக் கையால் திருகி, படத்தில் இரைச்சல் கோடு குறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வளைவும் துள்ளலும் நீடித்தால், தேவைப்படுவது டைம் பேஸ் கரெக்டர் எனப்படும் டிபிசி. இதில் இரண்டு வகை உண்டு. பலர் இவற்றைக் குழப்பிக்கொண்டு தவறானதை வாங்கிவிடுகிறார்கள். வரிகளை ஒழுங்குபடுத்தும் வகை, வளைவையும் நடுக்கத்தையும் நீக்கும். எஸ்-விஎச்எஸ் எனப்படும் மேம்பட்ட ரக விசிஆர்கள் சிலவற்றில் இது உள்ளேயே இருக்கும். முழு ஃபிரேமையும் நினைவகத்தில் தேக்கிச் சீரான இடைவெளியில் வெளியிடும் வகை, ஃபிரேம் விடுபடுவதைத் தடுக்கும். தனிக் கருவியாக வாங்குவது செலவு பிடிக்கும். அதற்கு மாற்றாக, பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டர்களை விசிஆருக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் வைக்கலாம். தட்டில் எதையும் எழுத வேண்டியதில்லை. சிக்னல் உள்ளே போய் வெளியே வரும்போதே வரிகள் பெருமளவு நேராகிவிடுகின்றன. மேல்பகுதி வளைவுக்கு இதைவிட எளிய மருந்தை நான் பார்க்கவில்லை.

ஒலியைப் பொறுத்தவரை, பின்தங்கல் எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும். காட்சி மாறும் இடங்களிலோ நாடா பழுதான இடங்களிலோ திடீரென்று கூடினால் அது ஃபிரேம் விடுபட்டதன் விளைவு. பிறகு திருத்துவது பெரும்பாடு, மறுபடி பதிவு செய்வதே மேல். தொடக்கத்திலிருந்து ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால் காரணம் வேறு: ஒலியைக் கணினியின் சொந்த ஒலி அட்டை வழியாகத் தனியே எடுத்திருப்பீர்கள், அதன் கடிகாரமும் கேப்சர் கருவியின் கடிகாரமும் சற்றே மாறுபட்டிருக்கும். அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை. ஒலித்தடத்தின் நீளத்தைப் படத்தின் நீளத்துக்குச் சமமாக்கினால் போதும். ஒலியே பதிவாகவில்லை என்றால், விண்டோஸின் தனியுரிமை அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதி அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்; கேப்சர் கருவியின் ஒலி உள்ளீட்டையும் விண்டோஸ் மைக்ரோஃபோனாகவே கருதுகிறது.

நீலத்திரை எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, அது தோன்றும் சமயம் விசிஆரின் திரை எழுத்தை, அதாவது நேரக் கணக்கை, வரவழையுங்கள். நீலத்தின் மேல் எழுத்து தெரிந்தால் விசிஆரே அதைப் போடுகிறது. மெனுவில் நீலப் பின்னணியை அணைக்கும் வசதி சில இயந்திரங்களில் உண்டு, அணைத்தால் மங்கலாகவாவது படம் கிடைக்கும். படம் மூச்சு விடுவதுபோல் மாறி மாறி இருண்டு வெளுத்தால் அது மேக்ரோவிஷன் நகல் தடுப்பின் அடையாளம். வீட்டுக் கேசட்டிலும் சில கருவிகள் இரைச்சலை அதுவென்று தவறாக எண்ணி மறுப்பதுண்டு. முழு ஃபிரேமைத் தேக்கும் வகை டிபிசி, சிக்னலில் அந்தத் தடுப்பு இருக்கும் பகுதியைப் புதிதாக உருவாக்கி அனுப்புவதால் அந்தத் தடை விலகும். படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் பால், என்டிஎஸ்சி (மற்றொரு டிவி முறை) அமைப்பையும், மென்பொருளில் காம்போசிட் (மஞ்சள் கம்பி), எஸ்-வீடியோ (வட்டச் செருகி) தேர்வையும் சரிபாருங்கள். படத்தின் அடியில் ஆடும் குறுகிய இரைச்சல் பட்டை கோளாறே அன்று. பழைய டிவிகள் அந்த ஓரத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டதால் நாம் பார்த்ததில்லை.

பதிவு அமைப்பு குறித்துச் சுருக்கமாக. பால் கேசட்டுக்கு 720×576, 25 ஃபிரேம். வண்ண முறை ஒய்யுஒய்2. சுருக்காமல் எடுத்தால் மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி ஆகும். ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாச் சுருக்கம் அதைப் பாதியளவுக்குக் கொண்டுவரும். வன்தட்டு ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, எனவே என்டிஎஃப்எஸ் வேண்டும். காம்போசிட்டை எச்டிஎம்ஐ-ஆக மாற்றும் சிறிய பெட்டிகளைத் தவிருங்கள். அவை படத்தைப் பெரிதாக்கி, ஃபிரேமில் ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் பின்னியிருக்கும் இரண்டு பாதிகளையும் தோராயமாகக் கலந்துவிடுகின்றன, பிறகு பிரிக்கவே முடியாது. அசைவில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிந்தாலும் பதிவின்போது நீக்காதீர்கள். க்யூடிஜிஎம்சி போன்ற வடிகட்டி கொண்டு பின்னர் வினாடிக்கு 50 ஃபிரேமாக மாற்றினால் அசைவு முழுமையாகக் கிடைக்கும். மாற்றிய பின் ஆட்கள் முன்னும் பின்னும் அதிர்ந்து நடந்தால் பாதிகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது. கேப்சர் கருவிகளில் பெரும்பாலும் மேல் பாதி (முதல் வரியில் தொடங்குவது) முதலில், டிஜிட்டல் நாடாவில் பதியும் டிவி (DV) வகைக் கேமராக் கோப்புகளில் கீழ்ப் பாதி (இரண்டாம் வரியில் தொடங்குவது) முதலில் என்று வைத்துத் திருத்துங்கள்.

முதலில் டிவிடி பிளேயர் சோதனையைச் செய்து, விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையையும் உங்கள் விசிஆர், கேப்சர் கருவி ஆகியவற்றின் மாடலையும் கீழே எழுதுங்கள். டிபிசி தேவையா, ஹெட்டைத் துடைப்பதே போதுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.